தொப்புள்கொடி அறுத்த கைகளும் சாதி ஆஸ்பத்திரியும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமை மனுநாளில் அங்கே வந்து நிற்கிற கூட்டத்தில் சேரி சனங்கள்தான் அதிகம். வீட்டுமனைப் பட்டா, சுடுகாட்டுப் பாதை, முதியோர் பென்ஷன் என்று போகிற மனுக்களோடு, பிரசவப் பணம் இன்னும் வரலை என்கிற மனுவும் இருக்கும். அதே ரோட்டில் ஊருக்குள் நடந்து போனால் மகப்பேறு, ஸ்கேன், குழந்தையின்மை சிகிச்சை என்று தனியார் போர்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. மனுக் கொடுத்தவளின் அக்காளோ தங்கச்சியோ, காதில் கிடந்ததை அடகு வைத்துவிட்டு அப்படி ஒரு போர்டுக்குப் பின்னால்தான் படுத்திருப்பாள்.

இவளுடைய பாட்டி ஊருக்கே பிள்ளை எடுத்தவளாக இருக்கலாம். பேத்தி தன் ஒரு பிள்ளைக்காகக் கடன்காரி ஆகிறாள். இந்த இரண்டு தலைமுறைக்கு நடுவில் என்ன நடந்தது? இதை மருத்துவ வளர்ச்சியின் கதை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிரசவத்தின் இரத்தத்தை யார் தொடுவது, அதற்கான கூலியை யார் வாங்குவது, அதைப் பற்றிய அறிவுக்கு யார் சொந்தக்காரர் என்கிற மூன்று கேள்விகளிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

தீட்டைத் தொட்ட கை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மருத்துவச்சி என்றால் பெரும்பாலும் நாவிதர் குடிப்பெண். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த மருத்துவச்சி சேரிக்குள் வரமாட்டாள். சேரியில் பிரசவம் பார்த்தது சேரிக் கிழவிகளும், சேரிக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் வீட்டுப் பெண்களும்தான். பல ஊர்களில் இந்தக் கிழவிகளை ஊர்த்தெருவுக்கும் கூப்பிட்டார்கள். கொடி அறுக்க, நஞ்சுக்கொடியைக் கொண்டுபோய்ப் புதைக்க, தீட்டுத் துணியை எடுக்க அவர்கள் வேண்டும். வீட்டுக்குள் நுழையக் கூடாதவள் அந்த ஒரு நாள் மட்டும் பின்வாசல் வழியாக உள்ளே வரலாம். பிள்ளை பிறந்ததும் வீட்டைக் கழுவி அவளுடைய தீட்டையும் சேர்த்துக் கழித்துவிடுவார்கள். கூலி என்பது கொஞ்சம் நெல்லு, ஒரு பழம்புடவை, வெத்தலை பாக்கு.

பிள்ளை பெறுவதைப் புண்ணியம் என்றவர்கள்தான் அதைக் கையில் ஏந்துவதைத் தீட்டு என்றார்கள். தீட்டு வேலை யார் தலையில் விழும் என்று இந்தச் சமூகத்தில் யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. செத்த மாட்டைத் தூக்குவது, பிணம் எரிப்பது, மலம் அள்ளுவது போல, பிறப்பின் இரத்தத்தைத் துடைப்பதும் கீழே தள்ளப்பட்டவர்களின் கடமையாயிற்று.

இதைச் சொல்லும்போது மருத்துவச்சி காலத்தைப் பொற்காலமாக ஆக்கிவிடக் கூடாது. பாண்டிச்சேரிக்குப் பக்கத்துச் சேரி ஒன்றில் கூலி வேலை செய்தும், பாட்டுப் பாடியும், பிரசவம் பார்த்தும் வாழ்ந்த வீரம்மா என்கிற பறையர் பெண், தன் வாழ்க்கையை ஜோசியான் ராசினிடம் பல வருஷம் சொல்லிவந்தார். அது 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. எத்தனையோ பேருக்குப் பிள்ளை எடுத்துக் கொடுத்த அந்த அம்மா பெற்றது பன்னிரண்டு பிள்ளைகள். பிழைத்தது மூன்று. இந்தக் கணக்கு ஒன்று போதும். இரத்தப்போக்கு நிற்காவிட்டால் கிழவியின் கையில் எந்த மருந்தும் இல்லை. கொடி அறுத்த பிளேடு வழியாகவும் அரிவாள் வழியாகவும் இரணஜன்னி வந்து எத்தனையோ சிசுக்கள் செத்தன. பிரசவத்தோடு ஒட்டிய இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015இல்தான். சேரிக்கு அறிவு குறைச்சலாக இருந்ததால் வந்த சாவுகள் அல்ல இவை. மருந்தும் வண்டியும் சேரிக்கு வராததால் வந்த சாவுகள்.

சாதியின் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி

சென்னையில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி 1844இல் திறக்கப்பட்டது. இன்றைய எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரி அதன் தொடர்ச்சி. ஆரம்பத்தில் அங்கே போனவர்கள் ஏழைகள், தாழ்த்தப்பட்டவர்கள், கலப்பினப் பெண்கள். சாதி இந்துக்கள் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பவில்லை. ஆண் டாக்டர் தொடுவது ஒரு காரணம். பறைச்சி படுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் படுப்பதா என்பது இன்னொரு காரணம்.

இந்த இரண்டாவது காரணத்துக்கும் அரசு மரியாதை செய்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்து படித்த மேரி ஷார்லீப், லண்டனில் மேற்படிப்பை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருடைய முயற்சியில் 1885இல் ஒரு புது மகளிர் ஆஸ்பத்திரி தொடங்கியது. அதன் பெயர், சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி. வெங்கடகிரி ராஜா கொடுத்த ஒரு லட்சம் ரூபாயைக் கொண்டு 1890இல் சேப்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. ஆண் கண்ணில் படாமல் இருக்கிற முஸ்லிம் பெண்ணுக்குக் கோஷா. பறையர் மூச்சுக்காற்று படாமல் இருக்கிற இந்துப் பெண்ணுக்குச் சாதி. ராணியின் பெயரோடு சேர்த்துத் தீண்டாமையையும் போர்டில் எழுதி மாட்டினார்கள்.

1948இல் அதற்குக் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் திருவல்லிக்கேணி சனங்கள் வாயில் இன்றைக்கும் அது கோஷா ஆஸ்பத்திரிதான். போர்டில் இருந்த இரண்டு சொற்களில் ஒன்று பேச்சில் தங்கிவிட்டது. முதலில் இருந்த ‘சாதி’ என்கிற சொல் மட்டும் யாருடைய ஞாபகத்திலும் இல்லை. சாதி இப்படித்தான் தன்னை மறைத்துக்கொள்கிறது. பிறகு ஏழை எளிய பெண்கள் எல்லோரும் அங்கே போய்ப் பிள்ளை பெற்றார்கள் என்பதும் உண்மை. அந்தக் கதவு திறந்தது நம் காலத்தின் வெற்றி. ஆனால் அது யாரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டது என்பதை மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நம் வடாற்காட்டுப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை ஐடா ஸ்கடருடையது. திண்டிவனத்தில் மிஷன் டாக்டராக இருந்த அப்பாவிடம் வந்திருந்த சமயம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கூப்பிட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூன்று வீட்டிலும் பிரசவ வலி. ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் செத்துப் போனார்கள். அந்த அதிர்ச்சியில் ஐடா மருத்துவம் படித்து 1900இல் வேலூருக்கு வந்தார். 1902இல் ஷெல் ஆஸ்பத்திரியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். பெரிய காரியம். மறுப்பதற்கில்லை. நாம் கேட்பது வேறு. அதே ராத்திரியில் திண்டிவனத்துச் சேரியில் வலியெடுத்துக் கிடந்தவளின் புருஷன் யாருடைய வாசலில் போய் நின்றிருப்பான்? அவனுக்குப் பெண் டாக்டரா ஆண் டாக்டரா என்கிற பிரச்சினையே வந்திருக்காது. டாக்டர் வீட்டுத் தெருவில் நடக்க முடியுமா என்பதுதான் அவன் பிரச்சினை.

அழுக்கு யாருடையது?

1885இல் டஃப்ரின் சீமாட்டி நிதியும், 1903இல் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியும் வந்தன. பின்னது மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே வந்தது. இந்தக் காலத்து டாக்டர்களின் எழுத்தில் மருத்துவச்சி ஒரு பிசாசு. அழுக்குப் பிடித்தவள், அறிவில்லாதவள், தாயையும் சேயையும் கொல்கிறவள். 1927இல் காதரின் மேயோ எழுதிய ‘மதர் இந்தியா’வும் இதே சித்திரத்தைத்தான் கொடுத்தது. அந்தப் புத்தகத்தை, சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று காந்தி ஒதுக்கினார். ஒரு பக்கம் சாக்கடையைக் காட்டி இந்தியாவுக்குச் சுயராஜ்யம் கூடாது என்கிறார்கள். மறுபக்கம் சாக்கடையைப் பேசவே கூடாது என்கிறார்கள். அந்தச் சாக்கடைக்குள் இறங்கி நிற்கிறவள் யார், அவளை அங்கே இறக்கியது யார் என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. பழம்புடவையைக் கூலியாகக் கொடுத்துவிட்டு, பழந்துணியில் பிள்ளையைப் பிடிக்கிறாள் என்று குற்றம் சொன்னார்கள்.

கடைசியில் நடந்தது இதுதான். பிரசவம் தீட்டாக இருந்தவரை அது நம்முடைய வேலை. அது படிப்பாகவும் பட்டமாகவும் ஃபீஸாகவும் மாறியபோது நாம் வெளியே. தீட்டைக் கழித்துவிட்டுத் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இரத்தம் தோய்ந்த துணியும் நஞ்சுக்கொடி வாளியும் தொழிலோடு மேலே போகவில்லை. அவை ஆயாவின் கையிலேயே நின்றன. அரசு ஆஸ்பத்திரியாகட்டும் நர்சிங் ஹோம் ஆகட்டும், பிரசவ அறையைக் கழுவுகிறவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. கிழவிகள் வலியெடுத்தவளை நடக்கவிட்டார்கள், குந்த வைத்தார்கள், கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பக்கத்திலேயே ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரி அவளை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிக் கட்டியது, துணைக்கு வந்தவளை வெளியே தள்ளியது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதல், வலியெடுத்தவள் நடமாடலாம், தனக்கு வசதியான நிலையில் பெறலாம், தான் விரும்பிய துணையை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறது. நல்லது. இதைச் சேரிக் கிழவி சொன்னபோது அது காட்டுமிராண்டித்தனமாக இருந்தது.

கூலிக்காரியின் பேறுகாலம்

பிள்ளை பெறுகிறவளை உழைப்பாளியாகப் பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன், அதனால் அந்தச் சுமையில் பெரும்பங்கு அரசாங்கத்துக்கு உரியது, வேலை வாங்கி லாபம் பார்க்கிற முதலாளியும் அதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்பது அவர் வாதம். 1929இல் பம்பாயில் சட்டம் வந்தது. 1961இல் இந்தியா முழுமைக்கும் பேறுகாலப் பயன் சட்டம் வந்தது.

இந்தச் சட்டங்கள் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் ஆபீசுக்கும் பொருந்தின. நாத்து நடுகிறவளுக்கும் மல்லாட்டை பறிக்கிறவளுக்கும் செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவளுக்கும் எந்த முதலாளி கையெழுத்துப் போடுவான்? நெறமாசத்திலும் கழனிக்குப் போனாள், வரப்பிலேயே வலியெடுத்தது, பத்தாம் நாள் திரும்பவும் கழனிக்குப் போனாள். இதைக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்துப் பொம்பளைங்க எவ்வளவு திடம் என்று பெருமை பேசுகிறார்கள். அது திடமில்லை. அன்றைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கஞ்சி இல்லை.

தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கான டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் வந்தது. பம்பாயில் பாபாசாகேப் பேசி 59 வருஷம் கழித்து. முதலில் கொடுத்தது 300 ரூபாய். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 என்று உயர்ந்தது. இரண்டு பிரசவத்தோடு சரி, மூன்றாவதற்குக் கிடையாது. மூன்றாவது பிள்ளை பெறுகிறவளுக்கு இரத்தம் குறைவாகச் சிந்துமா என்று யாரும் கேட்கவில்லை.

தர்மாஸ்பத்திரி என்கிற சொல்

அரசு ஆஸ்பத்திரியை நம் சனங்கள் தர்மாஸ்பத்திரி என்றார்கள். நம் வரியில் நடக்கிற ஓர் இடத்துக்குத் தர்மம் என்று பெயர் வைத்தால், அங்கே வேலை செய்கிறவர் தர்மப் பிரபு, போகிறவள் பிச்சைக்காரி. பிரசவ அறையில் வலியில் கத்தியவளுக்குத் தொடையில் அடி விழுந்தது. புருஷனோட படுக்கும்போது தெரியலையா என்கிற வசவு விழுந்தது. பிள்ளையைக் கண்ணில் காட்ட ஆம்பளைப் பிள்ளைக்கு ஒரு ரேட், பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு ரேட். காசைக் கை நீட்டி வாங்கியது ஆயா என்பதால், கெட்ட பெயர் முழுக்க அவளுக்கு. மாசக்கணக்கில் ஒப்பந்தக் கூலியில் அவளை வைத்திருந்தவர்களுக்குப் பெயர் கெடவில்லை.

இதற்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு. பெண் விடுதலைக்காகக் கர்ப்ப ஆட்சி வேண்டும் என்றார் பெரியார். பெண் தன் உடம்பைத் தானே ஆள வேண்டும் என்பது அதன் பொருள். அரசு அதை எண்ணிக்கைக் கணக்காக்கி, பிரசவ மேசையிலேயே நம் பெண்களிடம் தீர்த்துக்கொண்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 57.8 சதவீதம், ஆண்கள் 0.1 சதவீதம்.

ஆக, தனியாருக்குக் கூட்டம் சேர்ந்ததற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை. அடி வாங்காமல், அம்மா என்று கூப்பிடுகிற ஓர் இடத்தில் பிள்ளை பெற வேண்டும் என்கிற ஆசை அது. தன்மானம் என்று நாம் மேடையில் பேசுகிறோமே, அதைத்தான் அவள் காதுத்தோடை விற்று வாங்கப் பார்த்தாள். அதைக் கிண்டல் செய்ய நமக்கு உரிமை இல்லை.

கத்தியின் கணக்கு

போன இடத்தில் என்ன கிடைத்தது? அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆபரேஷன் பிரசவம் 44.9 சதவீதம். அரசு ஆஸ்பத்திரிகளில் 36, தனியாரில் 63.8. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் தனியாரில் 51.3 ஆக இருந்தது. ஒரு சமூகத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் நியாயம் என்று உலக சுகாதார நிறுவனம் 1985இலேயே சொன்னது. 10 சதவீதத்துக்கு மேல் போவதால் சாவு குறைவதில்லை என்று 2015இல் திரும்பவும் சொன்னது. அப்படியானால் தனியாரில் பெறுகிற மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் வயிற்றைக் கிழிப்பதற்கு என்ன மருத்துவக் காரணம்? தண்ணி வத்திப்போச்சு, கொடி சுத்திக்கிச்சு என்று பத்து நிமிஷத்தில் சொல்லப்படுகிற செய்தியில் எது உண்மை, எது நேரத்துக்கும் பணத்துக்குமான அவசரம் என்று கேட்க அவளுக்குப் படிப்பில்லை, புருஷனுக்குத் துணிச்சல் இல்லை. நல்ல நேரம் குறித்துக் கொடுக்கிற ஜோசியக்காரரும் இதில் கூட்டாளி.

கத்தியே கூடாது என்பதல்ல நம் வாதம். சரியான நேரத்துக் கத்தி உயிர் காக்கும். இதே மாவட்டத்தில் ஜவ்வாது மலைப் பெண்ணை டோலி கட்டித் தூக்கி வரும்போது, அவளுக்கு வேண்டியது அந்த ஆபரேஷன்தான். அவளுக்கு அது எட்டவில்லை. கீழே தேவையில்லாதவளுக்கு அது விற்கப்படுகிறது. எட்டாத இடத்தில் சாவு, எட்டுகிற இடத்தில் கடன்.

கேட்பதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு 1997இல் சட்டம் போட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018இல். 21 வருஷம் சட்டம் அலமாரியில் தூங்கியது. அதே 2018 டிசம்பரில், மருத்துவம் படிக்காத ஒரு பெண் திருவண்ணாமலையில் வீட்டில் வைத்துக் கருக்கலைப்பு நடத்திவந்ததாகக் கைதானார். சட்டம் தூங்கினால் யார் விழித்துக்கொள்வார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிச் செய்கிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்கிற அரசு ஆஸ்பத்திரி அதற்குள் வராது என்றது. காசு கொடுத்தவள் நுகர்வோர். கொடுக்காதவள் யார்? பழையபடி தர்மம் வாங்குகிறவள்தானா?

எதைக் கேட்பது?

ஒரு உண்மையை நாம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிரசவம் வீட்டில்தான் நடந்தது. 2019-21இல் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசு ஆஸ்பத்திரிகளில். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறக்கிற தாய்மார் இந்தியாவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர். இந்தக் குறைவைச் சாதித்தது போர்டு மாட்டிய நர்சிங் ஹோம்கள் அல்ல. சேரிக்குள் நடந்து வந்து பெயர் எழுதிய கிராம சுகாதார நர்சுகளும், இராத்திரியில் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும்தான். திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் வந்தது. இவையெல்லாம் நம்முடையவை. நம் ஓட்டும் வரியும் போராட்டமும் சேர்ந்து கட்டியவை. வசவுக்குப் பயந்து நாம் அங்கிருந்து வெளியேறிவிட்டால், சாதி ஆஸ்பத்திரியைக் கட்டியவர்களின் ஆசையை நாமே நிறைவேற்றியவர்கள் ஆவோம். ஏழைகளுக்கு ஒன்று, காசுள்ளவர்களுக்கு ஒன்று என்று பிரிந்த பிறகு, ஏழைகளுக்கானதை யார் கவனிப்பார்கள்?

அதனால் கேட்க வேண்டியவை தெளிவானவை. பிரசவ அறையில் அடிப்பதும் சாதி சொல்வதும் குற்றமாகப் பதிவாக வேண்டும். சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவருக்குள் அது செல்லாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு தனியார் ஆஸ்பத்திரியும் மாதம் எத்தனை பிரசவம், எத்தனை ஆபரேஷன், எவ்வளவு கட்டணம் என்று வாசலில் எழுதிப்போட வேண்டும். ஆபரேஷனுக்கான காரணத்தைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். மகப்பேறு உதவியில் பிள்ளைக் கணக்கு பார்ப்பதை நிறுத்த வேண்டும். பிரசவ அறையைக் கழுவுகிற பெண்ணுக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும். அவள் மகள் அதே ஆஸ்பத்திரியில் நர்சாகவும் டாக்டராகவும் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை மனுவில் வெறுமனே ‘பணம் வரவில்லை’ என்று எழுதாமல் இவற்றையும் எழுதுவோம். சேரிகளில் இன்னும் உயிரோடு இருக்கிற பிள்ளை எடுத்த கிழவிகளிடம் போய் உட்கார்ந்து, எந்தெந்த வீட்டுக்குப் போனாய், என்ன கொடுத்தார்கள், எந்த வாசலில் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதி வைப்போம். அவர்கள் கையில் பிறந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். ஒருத்தர் வீட்டுப் பிறப்புக் கணக்கிலும் அந்தக் கிழவியின் பெயர் இல்லை.